பவர் விண்டோ நின்றுபோனால் முதலில் காதைக் கொடுங்கள்

பழைய காரை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பதால் பவர் விண்டோவின் எல்லா மக்கரையும் பார்த்தாகிவிட்டது. நான்கு கதவும் ஏதாவது ஒரு சமயம் படுத்தியிருக்கிறது. ஆனால் மோட்டாரை மாற்ற வேண்டி வந்தது ஒரு கதவுக்கு மட்டும்தான். அதனால் கண்ணாடி ஏறவில்லை என்றதும் "மோட்டார் போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

ஸ்விட்சை அழுத்திக்கொண்டு கதவில் காதை வையுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லையா? பெரும்பாலும் ரெகுலேட்டரில் (கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு) கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். சத்தமே இல்லையென்றால் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கும் ஒரே நேரத்தில் நின்றால் ஃபியூஸையும் ரிலேயையும் (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சின்ன ஸ்விட்ச்) பாருங்கள். டிரைவர் பக்க ஸ்விட்சில் மட்டும் மற்றக் கண்ணாடிகள் இயங்கினால், லாக் பட்டன் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

என்னை அதிகம் அலையவிட்டது டிரைவர் கதவு. கதவைப் பாதி திறந்து வைத்தால் கண்ணாடி இறங்கும், மூடினால் இறங்காது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. ஒரு வயரில் மேல் உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அந்த இடத்தில் நிற்காது. கொஞ்சம் நீளமான துண்டு வயர் வைத்து சால்டர் செய்து, இணைப்பு மடங்கும் இடத்தில் வராமல் தள்ளி வைத்தோம். அதற்கப்புறம் அந்தக் கதவில் தொந்தரவே இல்லை.

கண்ணாடி திணறித் திணறி ஏறுகிறது என்றால் ஓரத்து ரப்பர் சேனலில் தூசி அடைத்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். எஞ்சின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும், தூசியும் ஒட்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் மோட்டார் சூடேறித் தானாக நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். பலரும் இதை ஸ்விட்ச் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஸ்விட்ச் கோளாறும் வரும்தான். பல கார்களில் மற்றக் கதவுகளின் இணைப்பு டிரைவர் பக்க மெயின் ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. அதனால் பக்கத்துக் கதவு வேலை செய்யாவிட்டால் மெயின் ஸ்விட்சையும் சோதியுங்கள். காண்டாக்ட் கிளீனர் (ஸ்விட்சின் உள் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்தால் சில மாதம் ஓடும். எனக்குப் புது ஸ்விட்ச் போட்டபிறகுதான் நிம்மதி.

பேட்டரி கழற்றி மாட்டியபின், ஒரே அழுத்தில் கண்ணாடி முழுக்க ஏறி இறங்கும் ஆட்டோ வசதி மட்டும் வேலை செய்யவில்லையென்றால் அது பழுதே இல்லை. பல மாடல்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஸ்விட்சைச் சில நொடி விடாமல் பிடித்தால் சரியாகிவிடும். உங்கள் காருக்கான முறை மேனுவலில் இருக்கும்.

மழை நேரத்தில் கண்ணாடி பாதியில் நின்றால், ஒருவர் ஸ்விட்சை அழுத்த, இன்னொருவர் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை இருபுறமும் அணைத்து மேலே இழுத்தால் பல நேரம் ஏறிவிடும். ஏறியதும் மேல் விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள், மெக்கானிக்கிடம் போகும்வரை அந்த ஸ்விட்சைத் தொடாதீர்கள்.