உடைந்த சிமினிக்கு என்ன வழி: முழுக்காசா, பாதிக்காசா, மாற்றுப் பொருளா?

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். அரிக்கன் லாம்பின் தகரத்துக்கும் கைப்பிடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிச் சிமினி மட்டும் மூன்று பெரிய துண்டும் ஒரு பிடி தூளுமாகக் கிடந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: "தம்பி, பெட்டியைக் கையில வாங்கேக்கையே உள்ளுக்குச் சத்தம் கேட்டது." குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் அப்படியொரு லாம்பின் வெளிச்சத்தில் படித்தவர் அவர். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வாங்கியிருக்கிறார்.

பழைய லாம்பு, ஊறுகாய்ச் சாடி, பீங்கான் தட்டு என்று யாழ்ப்பாணத்திலிருந்து இணையத்தில் விற்கிறேன். கண்ணாடியையும் பீங்கானையும் நானூறு கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்கு அனுப்பினால் சிலது உடையத்தான் செய்யும். உடைந்தது என்று ஒருவர் எழுதினால் விற்பவர் முன்னால் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எது எப்போது சரிவரும் என்று கைக்காசு போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் பலர் நம்பியிருக்கும் வழி: "உடைந்தால் பொறுப்பல்ல" என்று விளம்பரத்தின் அடியில் ஒரு வரி போட்டுவிடுவது. இது வேலைக்கு ஆகாது. பொருளின் உரிமை கைமாறும்போதே இழப்பும் கைமாறும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் பொதுவான நிலை. அதைப் பிடித்துக்கொண்டு, கூரியரிடம் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈபே இணையச் சந்தையில் அந்த வாதம் ஒரு அடி நகராது. உடைந்து வந்த பொருள் அங்கே "விவரித்தபடி இல்லாத" பொருள். பொருள் கிடைத்து 30 நாளுக்குள் வாங்கியவர் முறையிடலாம். திருப்பி எடுப்பதில்லை என்று நீங்கள் எழுதியிருந்தாலும் இந்த விடயத்தில் அது செல்லாது. முகநூலில் விற்றால் இப்படியான விதி பெரும்பாலும் இல்லை, உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது உடைந்தால் ஒட்டுவது சிமினியை ஒட்டுவதை விடக் கஷ்டம்.

சரி, அடுத்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கூரியரிடம் நட்டஈடு கேட்டு, அது வந்த பிறகு வாங்கியவருக்குக் கொடுப்பது. மற்றது, வாங்கியவருக்கு உடனே கொடுத்துவிட்டு, கூரியரோடு நாமே மல்லுக்கட்டுவது. பார்த்த மாத்திரத்தில் முதலாவது நியாயமாகத் தெரியும். உடைத்தவர்தானே கட்ட வேண்டும். நானும் ஒரு வருடம் அப்படித்தான் நடந்தேன். ஆனால் இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே மணிக்கூடு இல்லை. ஈபேயில் முறைப்பாடு வந்தால் பதில் சொல்ல உங்களுக்கு 3 வேலை நாட்கள்தான். கூரியர் கந்தோரில் ஒரு கடிதம் மேசை மாறவே அதைவிட நாள் எடுக்கும். வெளிநாட்டுத் தபாலில் விசாரணை கேட்க ஆறு மாத அவகாசம் உண்டு, ஆனால் பொதி சரியாகக் கட்டப்படவில்லை என்று முடிவானால் ஒரு சதமும் கிடைக்காது. பெரும்பாலான கூரியர் பற்றுச்சீட்டுகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: கண்ணாடி, பீங்கான், திரவம் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்பதில்லை என்று குட்டி எழுத்தில் இருக்கும். அந்தச் சண்டையில் வாங்கியவரைக் காக்க வைப்பது அநியாயம். அவர் உங்களிடம்தான் வாங்கினார், கூரியரைத் தெரிவுசெய்தவரும் நீங்கள்தான்.

காசைக் கையில் வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்கும் முறையில் இது இன்னும் மோசம். பெரும்பாலும் காசு கட்டிய பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவார்கள். உடைந்ததை அவர் பார்க்கும்போது காசு கூரியரிடம், பொருள் அவரிடம், நாம் இங்கே. அவர் பயப்படாமல் என்ன செய்வார்? அதனால் முதல் பதிலிலேயே காசைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்: "காசைப் பற்றி யோசிக்காதேங்கோ அக்கா, அது என்ர பொறுப்பு. பெட்டியை மட்டும் எறியாமல் வையுங்கோ." இந்த ஒரு வரியோடு பாதி முறைப்பாடுகள் அமைதியாகிவிடுகின்றன. பெட்டி ஏன் என்றால், கூரியர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

பிறகு படம் கேட்கலாம்: முகவரி தெரியும்படி பெட்டியின் வெளிப்பக்கம், உள்ளே பொதிந்திருந்த விதம், எல்லாத் துண்டுகளும் ஒன்றாக. இதை விசாரணை மாதிரிக் கேட்காதீர்கள். கூரியரிடம் காட்ட வேண்டும் என்ற உண்மையைச் சொல்லியே கேளுங்கள். நாமும் பொதி கட்டும்போது ஒரு சின்ன வீடியோ எடுத்து வைத்திருக்க வேண்டும்.

பாதிக்காசு கொடுப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதை முதல் வார்த்தையாக எடுப்பதுதான் ஆகப் பெரிய பிழை என்பது என் அனுபவம். உடைந்த பொருளைக் கையில் வைத்திருப்பவரிடம் "அரைவாசி தரட்டா?" என்றால் அது சந்தைப் பேரமாகத்தான் அவர் காதில் விழும். மிச்சம் இருப்பது பாவனைக்கு உதவுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லாம்பில் சிமினி மாற்றக்கூடிய பாகம், அதற்கான காசைக் கழித்தால் சரி. ஊறுகாய்ச் சாடியில் மயிரிழை வெடிப்பு என்றால் அது சாடியே இல்லை. உப்புத்தண்ணீர் கசிந்து அலுமாரித் தட்டெல்லாம் ஊறிவிடும். அதற்குப் பாதிக்காசு கேட்பவர் இருக்கலாம், நாமாக நீட்டக் கூடாது. இன்னொன்று: படம் அனுப்ப முன்பே "பாதியைத் தாங்கோ, வைச்சுக்கொள்ளுறன்" என்று தொடங்குபவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

திருப்பி அனுப்பச் சொல்வது விலை கூடிய பொருளுக்கும், சந்தேகம் வலுவாக உள்ள இடத்துக்கும் மட்டும் பொருந்தும். ரொறன்ரோவிலிருந்து ஒரு சாடியைத் திருப்பி எடுக்கும் செலவில் இங்கே இரண்டு சாடி வாங்கலாம், ஈபேயில் அந்தச் செலவும் விற்பவர் தலையில்தான். உடைந்த கண்ணாடியைத் தபாலில் போடச் சொல்வது, பொதி தூக்குகிறவரின் கையை வெட்டுகிற வேலையும்கூட. சந்தேகத்தையும் பெரும்பாலும் படத்திலேயே தீர்த்துவிடலாம். ஒருமுறை ஒரு தட்டு உடைந்து வந்ததாகப் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். புதிதாக உடைந்த பீங்கானின் வாய் வெள்ளையாக, சீனி மாதிரிச் சொரசொரவென்று இருக்கும். அந்தப் படத்தில் உடைந்த கோடு தேநீர்க் கறை ஏறிப் பழுப்பாக இருந்தது. எனக்கு வியர்த்தது. என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தால் விற்கும்போதே ஓரத்தில் அந்த வெடிப்பு இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. முழுக்காசையும் அன்றே அனுப்பினேன். அதற்குப் பிறகு எந்தப் பீங்கானையும் டோர்ச் வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்காமல் படம் எடுப்பதில்லை.

மாற்றுப் பொருள் அனுப்புவது, கையிருப்பு இருந்தால், எல்லாவற்றையும் விட நல்லது. நெல்லிரசப் போத்தல் விற்கும் நண்பர் உடைந்தால் மறுபேச்சில்லாமல் இன்னொன்று அனுப்புவார். வாங்கியவருக்குத் தேவை நெல்லிரசம்தான், காசில்லை. ஆனால் அதே பொதியலில் அனுப்பினால் அதே சத்தம்தான் திரும்பவும் கேட்கும். சிமினிக்கு உள்ளேயும் கடதாசி அடைக்க வேண்டும். பெட்டிக்குள் பெட்டி, இடையில் நான்கு பக்கமும் 5 சென்ரிமீற்றர் ரெஜிபோம் அல்லது தும்பு. மூடியபின் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள். அவுஸ்திரேலியாவுக்கு என்றால் வைக்கோல் வேண்டவே வேண்டாம், அங்கே உயிரியல் பாதுகாப்புச் சோதனையில் மறித்துவிடுவார்கள்.

பொருளைத் திருப்பிக் கேட்காமல் முழுக்காசையும் கொடுப்பது, விலை குறைந்த தனிப் பொருளுக்கு. வலிக்கும், ஆனால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

அந்த அக்காவுக்கு முழுக்காசு தருவதாகத்தான் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். அவருக்கு லாம்புதான் வேண்டும். அடிவாயை நூலால் சுற்றி அளந்து அனுப்பினார். யாழ் சந்தைப் பக்கத்துக் கடையில் அதே அளவில் ஒரு சிமினி கிடைத்தது. இரண்டு பெட்டிக்குள் வைத்து இரவு பஸ்ஸில் போட்டேன், காலையில் அவர் மகன் போய் எடுத்துக்கொண்டார். கூரியரிடம் போட்ட முறைப்பாட்டுக்கு ஐந்தாவது கிழமையில் பதில் வந்தது: கண்ணாடிப் பொருளுக்கு நட்டஈடு இல்லை. அதற்குள் வெள்ளவத்தையில் அந்த லாம்பு எரியத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.