என்பிஏ போதைத் தடுப்புத் திட்டம்: சிகிச்சை சரி, அதற்குப் பிறகு?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவும் வீரர்கள் சங்கமும் பேசி முடித்து 1983இல் கொண்டுவந்த திட்டம் இது. இதில் உருப்படியான விஷயம், தானாக வந்து ஒப்புக்கொள்பவருக்கு முதல் முறை தண்டனை கிடையாது என்பது. சிகிச்சைச் செலவு அணியின் கணக்கில், சம்பளமும் நிற்காது. இரண்டாம் முறை வந்தால் சிகிச்சை உண்டு, சம்பளம் இல்லை. மூன்றாம் முறை வெளியே போக வேண்டியதுதான். திரும்பச் சேர மனுப்போடவே 2 ஆண்டு காத்திருக்க வேண்டும். அப்போது குறிவைத்தது கோகெய்ன், ஹெராயின் இரண்டை மட்டும். நான்கு முறை ஆல்ஸ்டாராக (நட்சத்திர வீரர்களின் சிறப்பு ஆட்டத்துக்குத் தேர்வானவராக) இருந்த மைக்கேல் ரே ரிச்சர்ட்சன், 1986 பிப்ரவரியில் இந்த மூன்றாம் படியில்தான் விழுந்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனைக்கு நோட்டீஸ் வந்தபிறகு ‘நானே வந்துவிட்டேன்’ என்று சொன்னால் செல்லாது. 1987 ஜனவரியில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் ஒரே நாளில் லூயிஸ் லாயிட், மிட்செல் விக்கின்ஸ் என்று கார்டு இடத்தில் (பந்தை முன்னெடுத்து ஆடும் பின்வரிசை) ஆடும் இரண்டு வீரர்களை இழந்தது சோதனை முடிவால்தான்.

சோதனை முறையைப் பெரிதாக நம்ப முடியாது. இப்போது சீசனில் அதிகபட்சம் 4, சீசன் இல்லாத மாதங்களில் 2 திடீர்ச் சோதனைகள். கோகெய்ன் உடலில் சிதைந்து உண்டாகும் பொருளைத்தான் சிறுநீரில் தேடுகிறார்கள். எப்போதாவது எடுப்பவரிடம் அது இரண்டு முதல் நான்கு நாளில் காணாமல் போய்விடும். ஆறு மாத சீசனில் நாலே முறை பார்த்தால் சிக்குவது பெரும்பாலும் விடமுடியாத அளவுக்கு முற்றியவர்தான். அதனால், தானாக வரும் அந்த வாசல்தான் திட்டத்தின் உயிர்.

திட்டத்தின் கோளாறு, சிகிச்சை முடிந்தபிறகுதான் தெரிகிறது. டல்லாஸ் மேவரிக்ஸின் ராய் டார்ப்லி 1986 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஏழாவது தேர்வு. 1987-88இல் பெஞ்சிலிருந்து வந்தே ஆட்டத்துக்கு 11.8 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அந்த ஆண்டின் சிறந்த மாற்று வீரருக்கான ‘ஆறாவது ஆள்’ விருது. அடுத்த சீசனில் முழங்கால் காயமும் சஸ்பென்ஷனும் போக மிஞ்சியது 19 ஆட்டம். 1991 அக்டோபரில் தடை. கிரீஸுக்குப் போய் அரிஸ், ஒலிம்பியாகோஸ் அணிகளுக்கு ஆடிவிட்டு 1994இல் டல்லாஸுக்கே திரும்பினார். 1995 டிசம்பரில் நிரந்தரத் தடை. இந்த முறை காரணம் மது.

மது தடைப் பட்டியலிலேயே இல்லையே என்று கேட்கலாம். பட்டியலில் இல்லை, ஆனால் சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு விதித்த தொடர்கண்காணிப்பு நிபந்தனையில் இருந்தது. அந்த நிபந்தனையில் தப்பில்லை: குடி தடையுணர்வைத் தளர்த்தும், கோகெய்னோடு சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎத்திலீன் என்ற பொருள் உருவாகி இதயத்தைக் கூடுதலாகப் பாதிக்கும். தப்பு தண்டனையில் இருக்கிறது. மறுபடி சறுக்குவது இந்த நோயின் இயல்பு. சறுக்கியவரிடமிருந்து பயிற்சி, பயணம், அணி எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினால் அவர் கையில் மிஞ்சுவது நாள் முழுக்க வெற்று நேரம். மீண்டுவர முயல்பவருக்கு அதைவிட ஆபத்தானது வேறில்லை.

ஜான் லூகாஸ் இதைச் சரியாகப் பிடித்தார். 1976 டிராஃப்டின் முதல் தேர்வு. 1986இல் போதைச் சோதனையில் சிக்கி ராக்கெட்ஸால் விடுவிக்கப்பட்டவர். தெளிந்தபின் ஹூஸ்டனில் விளையாட்டு வீரர்களுக்கென்றே சிகிச்சைத் திட்டம் நடத்தினார். மியாமி டிராபிக்ஸ் என்ற சிறு லீக் அணியையும் கையில் எடுத்து, மீண்டுவருபவர்களுக்கு ஆட இடம் கொடுத்தார். லீக் திட்டத்தில் இல்லாத உறுப்பு இதுதான்.

தடைக்காலத்தைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. கிறிஸ் ஆண்டர்சன் 2006இல் போனவர், 2008இல் திரும்பி 2013இல் மியாமி ஹீட்டோடு பட்டம் வென்றார். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. 2019இல் தடைபட்ட டைரீக் எவன்ஸுக்கு 2022இல் மறுஅனுமதி கிடைத்தது. என்பிஏவுக்கு ஒரு படி கீழான ஜி லீகில் ஆடிப் பார்த்தார்; எந்த என்பிஏ அணியும் அவரைக் களமிறக்கவில்லை.