யீரோ: ஃபேக்டரி கோனா, கையால அடுக்குனதா?
சிகாகோல யீரோ (கம்பியில சுத்திச் சுட்ட கறியைச் சீவி பீட்டா ரொட்டியில வச்சுத் தர்ற கிரீஸ் நாட்டுச் சாப்பாடு) சாப்பிடப் போறீங்கன்னா மெனுவை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கவுன்ட்டருக்குப் பின்னாடி சுத்துற கறியைப் பாருங்க. மேலருந்து கீழ வரைக்கும் வழவழன்னு ஒரே சீரா இருந்தா அது ஃபேக்டரி கோன். பீஃபையும் லேம்பையும் அரைச்சு, பிரெட் தூள், ஓரிகானோ, பூண்டு எல்லாம் சேத்துப் பிசைஞ்சு அழுத்தி ஃப்ரீஸ் பண்ணி வர்றது. 1970கள்ல சிகாகோலதான் இது பெரிய தொழிலா வளந்துச்சு, க்ரோனோஸ் மாதிரி கம்பெனிங்க ரெடியா கோன் குடுத்ததாலதான் அப்பா அம்மா பசங்க மட்டுமே நடத்துற குட்டிக் கடைலயும் ஹாட் டாக் பக்கத்துல யீரோ வந்து உக்காந்துச்சு.

ஓரம் கரடுமுரடா, ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியா தெரிஞ்சா கையால அடுக்குனது. கிரீஸ்ல இதுதான் வழக்கம், அதுவும் பெரும்பாலும் போர்க் இல்லன்னா சிக்கன். கறியை மெல்லிசா வெட்டி மசாலால ஊறவச்சு, நடுவுல நடுவுல கொழுப்பு வச்சு ஒண்ணொண்ணா கம்பியில குத்தணும், மேல இருக்க கொழுப்பு உருகி கீழ இறங்கி மொத்தக் கறியையும் நனைச்சிட்டே இருக்கும், ஓரம் மொறுமொறுன்னு ஆகும், உள்ள ஜூஸா இருக்கும். கோன்ல உப்பும் மசாலாவும் தூக்கலா இருக்கும், ஆனா கறியைக் கடிச்சுத் திங்கிற சுகம் கிடையாது. என் ஓட்டு கையால அடுக்குனதுக்குத்தான், அந்த உழைப்புக்கு ரெண்டு டாலர் கூட குடுக்கலாம், தப்பே இல்ல.

ஆனா ஒண்ணு, எப்பவோ சீவி ட்ரேல போட்டு வச்ச கையடுக்கை விட அப்பதான் சீவுன ஃபேக்டரி கோன் எவ்வளவோ மேல். அதனால கூட்டம் இருக்க மதிய நேரத்துல போங்க.

பீட்டா ரெண்டுலயும் பை மாதிரி திறக்காத தடிச்ச வகைதான். கிரீஸ்ல ஃப்ரைஸை உள்ளயே வச்சு சுருட்டிருவாங்க, சிகாகோல பக்கத்துல தனியா. ட்ஸாட்ஸிகி மட்டும் வீட்டுல செய்ற கடையாப் பாத்துப் போங்க, நம்ம வெள்ளரிக்கா தயிர்ப் பச்சடிக்கு சொந்தக்காரன் மாதிரிதான், துருவுன வெள்ளரிக்காவை நல்லா பிழிஞ்சு போட்டிருந்தா தண்ணி விடாம கெட்டியா நிக்கும்.

பீஃப் சாப்பிடாதவங்க கவனிங்க, லேம்ப்னு நம்பி வாங்குற கோன்ல பெரும்பாலும் பீஃப்தான் அதிகம். சிக்கன் கேளுங்க, அதையும் கம்பியில சுடுறாங்களா தோசைக்கல்லு மாதிரி தட்டுல வதக்குறாங்களான்னு கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.