ஒரு ஆணி, ஏழு பஞ்சர்: அருப்புக்கோட்டை ரோட்டில் ராத்திரி வண்டி நின்றால் இதைப் படித்துவிட்டு போன் செய்யுங்கள்

இதை எழுதவே பத்து நாள் தயங்கினேன். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன், பஞ்சர் போட வந்தவனிடம் ஏமாந்தேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆபீஸில் பேச்சுவாக்கில் சொன்னேன். ஐந்து பேரில் இரண்டு பேர் "எனக்கும் அதே மாதிரி" என்றார்கள். அதற்கப்புறம்தான் இந்தப் பதிவு.

ஞாயிற்றுக்கிழமை காரியாபட்டியில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு நானும் அப்பாவும் என் யூனிகார்ன் பைக்கில் மதுரை ஐயர் பங்களா பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எலியார்பத்தி டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. ஓரங்கட்டிப் பார்த்தால் பின் டயரில் ஆணி. தலை மட்டும் தெரிகிறது. காற்று பாதி இறங்கியிருக்கிறது. மணி எட்டே முக்கால். சாப்பாட்டை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பியிருந்தோம்; அப்பாவோ சுகர்காரர்.

"ஆணியப் பிடுங்காத. மெதுவா உருட்டிக்கிட்டே வளையங்குளம் போயிருவோம், அங்கிட்டு எவனாச்சும் இருப்பான்" என்றார் அப்பா.

சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான் போனை எடுத்தேன்.

முதலில் இன்சூரன்ஸ் நம்பர். 2021-ல் வண்டி எடுத்தபோது ஐந்து வருஷ இன்சூரன்ஸ் என்றார்கள், வழியில் நின்றால் ஆள் வரும் என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு. ஐந்து வருஷம் என்பது தேர்டு பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கு மட்டும். வழியில் உதவி என்பது சொந்தச் சேதத்துக்கான பாலிசியோடு ஒட்டிக்கொண்டு வருவது, எனக்கு அது ஒரு வருஷத்துக்குத்தான். "உங்களுக்கு 2022-லயே முடிஞ்சிருச்சு சார்" என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உங்கள் பாலிசித் தாளை இன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ரோட்டில் நின்றுகொண்டு பார்க்கிற விஷயம் இல்லை அது.

அடுத்து, பக்கத்தில் பைக் மெக்கானிக் யார் என்று தேடினேன். மேலாக வந்த நம்பருக்கு 4.8 ஸ்டார், 24 மணி நேர சேவை என்று போட்டிருந்தது. எடுத்தவருக்கு வளையங்குளம் எங்கிருக்கிறது என்று தெரியவில்லை, "மதுரை சிட்டியா சார் அது?" என்று கேட்டார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். புக்கிங் 199 ரூபாய், வாட்ஸ்அப்பில் கியூஆர் அனுப்பினார். ஸ்கேன் செய்தால் கம்பெனி பெயர் இல்லை, யாரோ ஒருவருடைய பெயர் வருகிறது. அப்பா மதகுக் கட்டையில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். கட்டிவிட்டேன்.

"இருபது நிமிஷம்" என்றவர்கள் வந்து சேர ஒரு மணி பத்து நிமிஷம். வந்தவன் சின்னப் பையன். அண்ணே, அப்பா என்று மரியாதையாகத்தான் பேசினான். முதல் காரியமாக ஆணியைப் பிடுங்கி ரோட்டோரம் எறிந்தான். இருந்த காற்றும் போயிற்று. இனி அவனை விட்டால் வண்டி நகராது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வித்தையே அங்கேதான் இருக்கிறது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கையோடு கொண்டுவந்த குட்டிப் பம்பில் காற்று ஏற்றினான். சோப்புத் தண்ணி பாட்டிலை நன்றாகக் குலுக்கினான். டயரில் ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றி, இடது கையில் வைத்திருந்த அழுக்குத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தான். நான் போன் லைட்டைப் பிடித்தேன். "லைட்ட அங்கிட்டுக் காட்டுங்கண்ணே, கண்ணு கூசுது." காட்டினேன். துணி போன இடத்தில் "உஸ்" என்றது. "இந்தா இங்க ஒண்ணு." இன்னும் ஒரு சாண் தள்ளி, "இங்க ஒண்ணு." இப்படி ஏழு. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ரீமர் கம்பியை விட்டுக் குடைந்து, ஓட்டையை அடைக்கிற ரப்பர் ஸ்ட்ரிப்பைச் சொருகி, நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டினான்.

கணக்குச் சொன்னான்: வந்ததுக்கு 500, நைட் சார்ஜ் 300, ஏழு பஞ்சர் தலா 250. மொத்தம் 2,550. எங்கள் பக்கம் ஒரு ஸ்ட்ரிப்புக்கு 100 ரூபாய்தான் வாங்குகிறார்கள். பேசிப் பேசி 2,200-க்கு வந்தான். பில் கேட்டேன். "ஆபீஸ்ல இருந்து வாட்ஸ்அப்ல வரும்ணே." இன்றுவரை வரவில்லை.

மண்டேலா நகர் வரும்வரை அப்பா ஒன்றும் பேசவில்லை. அங்கே சிக்னலில் நின்றபோது கேட்டார்: "அந்தத் துணிக்குள்ள அவன் என்னத்தய்யா வச்சிருந்தான்?"

மறுநாள் காலை டயர் மறுபடி தரையோடு தரை. மூன்றுமாவடியில் நான் வழக்கமாக விடுகிற மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி, உள்பக்கத்தை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். ஒரு ஓட்டை மட்டும் சாய்வாக, சுற்றிலும் துருக்கறையோடு இருந்தது. அதுதான் ஆணி. மற்றதெல்லாம் நேர்க்குத்தாக, கறையே இல்லாமல் ஒரே அளவு. அதுவும் எல்லாம் டயரின் பள்ளத்திலேயே. "மேடா இருக்கிற பட்டன்ல ரப்பர் தடிமன், ஊசி இறங்காது. பள்ளத்துல சுளுவா எறங்கிரும். ரோட்டுல கிடக்கிற ஆணி என்ன பள்ளம் பாத்தாண்ணே குத்தும்?" என்றார். ஏழில் இரண்டு உள்பக்கம் வரவே இல்லை. ஓட்டையே இல்லாத இடத்தில் மேலாக ஸ்ட்ரிப்பை அமுக்கி வைத்திருக்கிறான். அங்கே நுரை வந்ததே என்று கேட்டேன். குலுக்கின சோப்புத் தண்ணி எங்கே ஊற்றினாலும் நுரைக்கும்; நிஜமாகக் காற்று போகிற இடத்தில் ஒரே புள்ளியில் முட்டை முட்டையாக ஊதி ஊதி உடையும், துடைத்தாலும் அதே இடத்தில் மறுபடி கிளம்பும் என்றார். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு 2,399 ரூபாய். புது டயர் 2,300 தனி.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்: என் வண்டியில் இருப்பது மாதிரி டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் ஆணி உள்ளேயே இருந்தால் பெரும்பாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். காற்றை ஏற்றிக்கொண்டு, பின்னால் இருக்கிற ஆளை இறக்கிவிட்டு, மெதுவாக அடுத்த கடைவரை போய்விடலாம். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். அப்பா சொன்னதும் இதைத்தான்.

இன்னொரு முட்டாள்தனம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து டோல்கேட் பக்கம்தான். டூவீலருக்கு டோல் கிடையாது, அதனால் அந்த போர்டில் போட்டிருக்கிற நெடுஞ்சாலை உதவி எண் 1033-ம் நமக்கில்லை என்று ஏதோ ஒரு நினைப்பு. தேசிய நெடுஞ்சாலையில் யார் நின்றாலும் கூப்பிடலாம். பஞ்சர் போட்டுத் தர மாட்டார்கள்தான், ஆனால் இருட்டில் வயசானவரோடு தனியாக நிற்கும்போது ரோந்து வண்டி ஒன்று வந்து பக்கத்தில் நின்றாலே எவ்வளவு தெம்பு.

பையனை அனுப்பிய அந்த 4.8 ஸ்டார் நம்பருக்குத் திருப்பிப் போன் செய்தேன். "நாங்க ஆளக் கோத்து விடுறதோட சரி சார், ரேட்டு அவங்க இஷ்டம்." பையனுக்குப் போட்டால், "நான் ஆபீஸ் சொன்ன ரேட்டத்தான் வாங்குனேன்." நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசினேன். புகாரைப் பதிவு செய்ய எதிர்த்தரப்பு பெயர், முகவரி கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பரும் கியூஆரில் வந்த பெயரும். மதுரையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பில் இல்லாமல் எதைக் காட்டி நிற்பது? கழற்றின டயரை மட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், ஸ்ட்ரிப் சொருகின ஏழு இடத்திலும் சாக்பீஸ் வட்டம் போட்டு.

அந்த 4.8 ஸ்டார் எப்படி வந்தது என்பதும் நாலு நாள் கழித்துத் தெரிந்தது. அதே குரல், வேறு நம்பர். "அஞ்சு ஸ்டார் குடுத்துட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க சார், 100 ரூபா கேஷ்பேக். ஒரு லிங்க் வரும், அதுல உங்க யூபிஐ பின் போட்டா பணம் ஏறிரும்." பணம் வாங்குவதற்கு யாரும் பின் போட வேண்டியதில்லை, போட்டால் போகும், வராது. இதாவது எனக்குத் தெரிந்திருந்தது. லிங்க் இன்னும் வாட்ஸ்அப்பில் அப்படியே கிடக்கிறது. யாராவது அதைத் தொட்டுப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போடுங்கள்.

ஒரு ஸ்டார் போட்டு நடந்ததை எழுதியிருக்கிறேன். நேற்றுப் பார்த்தேன், அவர்களுக்கு இப்போது 4.7.