முயலை ஆளிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்

ஆள் பெயரைப் போடப் போவதில்லை, யாரும் கேட்காதீர்கள். போட்டால் பேச்சு முழுக்க அவரைச் சுற்றியே போகும், முயல் உடம்பில் ஈ முட்டையிட்டு வருகிற புழுவைப் பற்றி நான் சொல்ல வந்தது காணாமல் போய்விடும்.

எங்கள் வீட்டில் இரண்டு முயல்கள். வெள்ளைக்குப் பணியாரம், பழுப்புக்குக் கந்தரப்பம், பெயர் வைத்தது தங்கச்சி. ஐப்பசியில் சென்னையில் பெரியப்பச்சிக்குச் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம், பள்ளத்தூர் வீட்டையே பூட்டிவிட்டு எல்லாரும் கிளம்பினோம். நாய், பூனை, கிளி எல்லாம் பார்த்துக்கொள்வேன் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போடுகிற ஒருவரிடம், காரைக்குடியில், மூன்று ராத்திரிக்கு விட்டோம். ஒரு முயலுக்கு நாளைக்கு 300 ரூபாய். 1,800 ரூபாயையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். பணியாரம் கொஞ்சம் குண்டு, குனிந்து தன் பின்பக்கத்தைத் தானே சுத்தம் செய்துகொள்ள முடியாது, அதனால் தினமும் சாயந்திரம் திருப்பிப் பாருங்கள், ஈரமாகவோ புழுக்கை ஒட்டியோ இருந்தால் துடைத்துவிடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். "நம்ம புள்ளை மாதிரிண்ணே, கவலையே படாதீங்க" என்றார்.

தினமும் ஒரு படம் வந்தது. திரும்பி வரும்போது பல்லவன் ரயிலில் தங்கச்சி மூன்று படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த முட்டைக்கோஸ் இலையில் கடிச்ச இடத்தைப் பாரு" என்று போனை நீட்டினாள். மூன்றிலும் அதே இலை, அதே பிறை மாதிரி கடி. முதல் நாள் ஒரே தடவையில் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாளைக்குப் பிரித்து அனுப்பியிருக்கிறார்.

ராத்திரி பத்து மணிக்குக் கூடையை வாங்கும்போது, "மழைக்கு லேசா சோர்வா இருக்கு" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து முற்றத்தில் இறக்கியதும் அப்பத்தாதான் முதலில் மூக்கைப் பொத்தினார்கள். "என்னடா இது, புண்ணுமாட்டுக்கு மருந்து போட்ட வாடை அடிக்குது?" கந்தரப்பம் இறங்கி ஓடிவிட்டது. பணியாரம் ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. திருப்பினேன். வாலடி மயிர் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது, அதை விலக்கினால் தோல் நெளிகிறது. நெளிந்தது தோல் இல்லை.

அந்த நேரத்தில் இரண்டு டாக்டர்கள் ஆடு மாடுதான் பார்ப்போம் என்றார்கள். மூன்றாமவர் உடனே கொண்டுவரச் சொல்லிக் கதவைத் திறந்து வைத்திருந்தார். முகர்ந்து பார்த்த உடனே, "டர்பன்டைன் யார் ஊத்துனது?" என்றுதான் கேட்டார். மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் நம் பக்கம் ஊற்றுவதுதான். முயலுக்கு அதன் மெல்லிய தோல் வெந்துபோகும், நக்கி நக்கி வயிற்றுக்குள்ளும் போய்விடும் என்றார். மயிரை மழித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, புழுவுக்கும் வலிக்கும் ஊசி போட்டு, குளூக்கோஸ் ஏற்றினார். எடுத்துக்கொண்டே இருந்தார், உள்ளே இருந்து வந்துகொண்டே இருந்தது. விடியற்காலை நாலரைக்குப் பணியாரம் போய்விட்டது.

டாக்டர் சொன்னதில் பாதி எனக்கே அதுவரை தெரியாது. பச்சையாக மினுங்குகிற ஈ, மூத்திரமும் கழிச்சலும் ஒட்டிய மயிரைத் தேடி வந்து முட்டையிடும். முட்டை ரவையைக் கொத்தாக ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஒரே நாளுக்குள், வெக்கையில் அதற்கும் முன்னாலேயே, பொரித்துவிடும். புழு உயிரோடு இருக்கிற சதையைத் தின்று உள்ளே இறங்கும். அப்புறம் ஒன்றிரண்டு நாளில் முயல் போய்விடும். வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் வரும், ஈ வர எவ்வளவு வழி வேண்டும்? முயல் வலியைக் காட்டிக்கொள்ளாது, சாப்பாட்டை விட்டுவிட்டு மூலையில் உட்காரும், அவ்வளவுதான் அடையாளம். ராத்திரியில் போடுகிற மெத்துப் புழுக்கையை அது தானே தின்றுவிட வேண்டும். காய்ந்த புல் குறைந்து தீவனமும் கேரட்டும் அதிகமானால் அது மிஞ்சிப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். இந்த விஷயத்தில் தப்பு என் மேலும் உண்டு, குண்டாக்கியது நாங்கள்தான்.

புழுவைப் பார்த்துவிட்டால் வாளித் தண்ணீரில் முக்காதீர்கள், நனைந்த மயிரை மழிப்பது கஷ்டம். நாய்க்கு உண்ணிக்குப் போடுகிற பிப்ரோனில் என்கிற சொட்டு மருந்து முயலுக்கு ஆகாது. கைக்கு எட்டியதை இடுக்கியால் எடுத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். முயல் பார்க்கிற டாக்டர் யார் என்பதை இன்றைக்கே விசாரித்து நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் முயலை விட்டுப்போன அந்த ஆளுக்குப் போன் போட்டேன். முதலில் சூடு என்றார், அப்புறம் மழை என்றார். டர்பன்டைன் என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நேத்துக் காலையிலேயே லேசா இருந்துச்சுண்ணே, நீங்க விசேஷத்துல இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னுதான்." புழு வந்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், எங்கள் வீட்டிலேயே இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். நேற்றுக் காலை ஒரு போன் வந்திருந்தால் காரைக்குடியிலேயே இருக்கிற சித்தப்பா பத்து நிமிஷத்தில் டாக்டரிடம் தூக்கிப் போயிருப்பார். முழுசாக ஒரு நாள் போனது. அன்றைக்கும் படம் வந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், நம்பரை பிளாக் செய்துவிட்டார். தங்கச்சி நம்பரை மறந்துவிட்டார் போல. நேற்று அவர் ஸ்டேட்டஸில் பொங்கல் லீவுக்கு இடம் இருக்கிறது என்று விளம்பரம், அதில் பணியாரத்தின் படம், பக்கத்தில் அந்த முட்டைக்கோஸ் இலை.