முடி வெட்டப் போன இடத்துல 1,888 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போச்சு. சிங்கப்பூர்ல இருக்கற புது அம்மாக்கள் படிங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். ஒரு மாலுக்குள்ள இருக்கற சலூன், 'தலைமுடி சிகிச்சை'ன்னு போர்டு வச்சிருக்காங்க. பேர் போடல, புகார் போயிட்டிருக்கு. 38 வெள்ளிக்கு ஹேர்கட், ஸ்கால்ப் செக் இலவசம்னு ஆஃபர். வெளிய வரும்போது நான் கட்டியிருந்தது 1,888 வெள்ளி. நடந்ததைச் சொல்லிட்டு, என்னென்ன ஜாக்கிரதையா இருக்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

குழந்தை பிறந்து நாலு மாசம். தலை சீவினா சீப்பு முழுக்க முடி, குளிச்சா கொத்துக்கொத்தா வருது. பிரசவத்துக்கு வந்த அம்மாவும் ஊருக்குத் திரும்பியாச்சு. முடி வெட்ட வந்த பொண்ணு என் முகத்தைப் பார்த்ததுமே, "அக்கா, தமிழா? பேபிக்கு எத்தனை மாசம்?"னு கேட்டா. மலேசியாவுல ஜொகூர்ல இருந்து தினமும் வேலைக்கு வர்றாளாம். ஷாம்பு போட்டு, பின்மண்டையை இதமா அழுத்தி விட்டுட்டே, "ராத்திரி தூங்கறீங்களாக்கா?"ன்னா. எல்லாரும் குழந்தை தூங்குதான்னுதான் கேட்பாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்த ஒரு கேள்வியிலதான் நான் அவங்களை நம்பினேன். அதையே விலை பேசினாங்க பாருங்க, அதுதான் தாங்க முடியல.

அடுத்து 'கன்சல்டன்ட்'னு ஒரு அம்மா சின்னக் கேமராவோட வந்தாங்க. திரையில என் மண்டை. உதிர்ந்த முடி ஒண்ணை எடுத்து, நுனியில இருந்த வெள்ளைக் குமிழைக் காட்டி, "வேரே வெளிய வந்துடுச்சு, இப்படியே விட்டா வழுக்கைதான்"னாங்க. அதுக்குள்ள என் தலை முழுக்கக் களிம்பு, கழுத்துல ஈரத்துண்டு. கார்டு மெஷினை நாற்காலிக்கே கொண்டு வந்துட்டாங்க. 3,600 வெள்ளி பேக்கேஜ், இன்னிக்கு மட்டும் 1,888. வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்னேன். "மருந்து பிரிச்சாச்சே அக்கா"ன்னா அந்தப் பொண்ணு, அதே இதமான குரல்ல.

அப்புறம் பாலிகிளினிக் டாக்டர்கிட்ட காட்டினேன். அந்த வெள்ளைக் குமிழ், ஆயுசு முடிஞ்சு தானா உதிர்ற எல்லா முடியிலயும் இருக்குமாம். வேர்ப்பை தோலுக்குள்ள அப்படியே இருக்கும், அதுலதான் அடுத்த முடி முளைக்கும். கர்ப்பத்துல ஈஸ்ட்ரோஜன் கூடுறதால கொட்டாம நின்ன முடி, பிரசவத்துக்கு அப்புறம் மொத்தமா கொட்டுது. நாலாவது மாச வாக்குலதான் அதிகமா இருக்கும், பெரும்பாலானவங்களுக்குக் குழந்தைக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள தானா சரியாயிடும்னார். தானா சரியாகற விஷயத்துக்கு 1,888 வெள்ளி!

பணத்தைத் திருப்பிக் கேட்டா, "மேனேஜர் லீவு." போன் பண்ணினா, "ஹெட் ஆபீஸுக்குச் சொல்லியிருக்கோம்." வாட்ஸ்அப்ல நீல டிக் விழுது, பதில் கிடையாது. குழந்தையை ஸ்ட்ரோலர்ல தள்ளிட்டு நேர்ல போய் நின்னேன். "ரீஃபண்ட் இல்ல மேடம், வேணும்னா ஃபேஷியலா மாத்திக்கங்க, இல்ல ஃப்ரெண்டுக்குக் குடுங்க." ரசீதுக்குப் பின்னாடி எறும்பு சைஸ் எழுத்துல போட்டிருக்காங்களாம். அந்தப் பொண்ணு, "நான் வெறும் ஸ்டாஃப்தான்க்கா"ன்னு சொல்லிட்டு என் முகத்தையே பார்க்காம துண்டு மடிச்சுட்டிருந்தா.

சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்துல (சுருக்கமா 'கேஸ்', CASE) புகார் கொடுத்திருக்கேன். தேவையில்லாத அழுத்தம் கொடுத்து விக்கறது இங்க சட்டப்படியே நியாயமற்ற வணிகம். அங்க முடியலன்னா சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கற ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபூனல்தான். 20,000 வெள்ளி வரைக்கும் வழக்கு போடலாம், வக்கீல் வேண்டாம், என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

விவரமா எழுதணும்னு நினைச்சேன், பையன் எழுந்துட்டான். சுருக்கமா: தலை ஈரமா இருக்கும்போது கார்டைக் கையில எடுக்காதீங்க. 'இன்னிக்கு மட்டும்'னா எழுந்துடுங்க. பேக்கேஜ் வாங்கியே ஆகணும்னா அதே கேஸ் சங்கம் கொடுக்கற கேஸ்டிரஸ்ட் (CaseTrust) முத்திரை இருக்கற இடமா பாருங்க, ஸ்பா கடைகள்ல அந்த முத்திரை இருந்தா அஞ்சு நாளைக்குள்ள மனசு மாத்திக்கலாம். நீங்களா நடந்து போய் வாங்கற மத்த கடைகள்ல அந்த அஞ்சு நாள் சட்டப்படி கிடையாது. முடி கொட்டினா முதல்ல டாக்டர்.

இதே மாதிரி கடையில யாராவது பணம் கட்டியிருந்தா ரசீதோட இன்பாக்ஸ் வாங்க. 1,888 வெள்ளியை நான் விடறதா இல்ல.