நிவாரண மேடைக்கு எந்தப் பாட்டு? ஊத்தங்கரை, தருமபுரி, ஓசூர் – ஓர் ஒப்பீடு

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலுக்கு வெகு தொலைவிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேற்பட்ட மழை அது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் உருண்டு போனதைத் தமிழ்நாடே கைபேசியில் பார்த்தது. இத்தகைய பேரிடருக்குப் பின் நிதி திரட்டப் பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தால், மண்டபம், ஒலிபெருக்கி, தலைமை தாங்குபவர் யார் என்பதெல்லாம் விரைவில் முடிவாகிவிடும். இழுபறி வருவது பாட்டில்தான்.

பட்டியலில் முதலில் ஏறுபவை மழை, புயல், வெள்ளம் ஆகியவற்றைப் பாடும் பாட்டுகள். பேசும் பொருள் ஒன்றாக இருப்பதாலேயே பாட்டு பொருந்திவிடும் என்ற எண்ணம் எனக்கு ஏற்புடையதன்று. பாட்டுக்குள் 'நாம்' என்று பேசுபவர் யார், எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்ற இரண்டையும் ஒட்டிப் பார்த்த பிறகே அது பொருந்துமா என்று சொல்ல முடியும். ஊத்தங்கரையில் உட்கார்ந்திருப்பவர் இழந்தவர், தருமபுரி நகரத்தில் கொடுக்க வந்தவர். ஒரே பாட்டு இரண்டு இடத்திலும் ஒரே வேலையைச் செய்யாது.

பாரதியாரிடமிருந்தே தொடங்கலாம், ஏனெனில் அவர் புயலை நேரில் கண்டு பாடியவர். 1916 நவம்பரில், கார்த்திகை மாதத்து இரவொன்றில், புதுச்சேரியைப் புயல் தாக்கியபோது பிறந்தது 'காற்றடிக்குது, கடல்குமுறுது' என்று தொடங்கும் பாட்டு. ஃபெஞ்சல் வந்ததும் கார்த்திகையில், அதுவும் அதே புதுச்சேரி வழியாக என்பதால், இதைவிடப் பொருத்தமான பாட்டு வேறில்லை என்றே எவருக்கும் தோன்றும். கணவனும் மனைவியும் இருட்டில் பேசிக்கொள்ளும் மூன்றே கண்ணிகள். 'தூற்றல் கதவு சாளர மெல்லாம் தொளைத்தடிக்குது பள்ளியிலே' என்ற அடியில், சன்னலுக்குத் துணி அடைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்த ஒவ்வொரு வீடும் தன்னைக் காணும். 'தீனக் குழந்தைகள் துன்பப் படாதிங்கு' என்ற வேண்டுதலிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் மூன்றாம் கண்ணியில் இருக்கிறது. நேற்றுவரை இருந்த பழைய வீட்டில் இந்நேரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று கேட்டுவிட்டு, 'காற்றென வந்தது கூற்றமிங்கே, நம்மைக் காத்தது தெய்வ வலிமையன்றோ' என்று மனைவி முடிக்கிறாள். தப்பிப் பிழைத்தவர் தம் வீட்டுக்குள் சொல்லிக்கொள்ளும்போது அது இயல்பான நன்றியுணர்ச்சி. அதையே ஒலிபெருக்கியில், பிழைக்காதவரின் உறவினர் முன் பாடினால், உங்கள் வீட்டாரைத் தெய்வம் ஏன் காக்கவில்லை என்ற கேள்வி பாடாமலேயே எழுந்து நிற்கும். 1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட பிரிட்டன், அயர்லாந்துப் பாடகர்கள் சேர்ந்து பதிவுசெய்த கிறிஸ்துமஸ் பாட்டிலும் இதே வழுக்கல் உண்டு. இந்தத் துன்பம் உங்களுக்கு வராமல் அவர்களுக்கு வந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்ற பொருளில் அதில் ஒரு வரி வரும். பாட்டு பெரும்பணம் சேர்த்தது, ஆனாலும் அந்த வரியைப் பற்றிய முணுமுணுப்பு இன்றுவரை ஓயவில்லை. ஆகவே 'காற்றடிக்குது' பாட்டை எடுத்தால் இரண்டாம் கண்ணியோடு நிறுத்திவிடுவதே நல்லது. பாரதியை வெட்டுவதா என்று கேட்பவர்களுக்கு, மேடையில் எந்தப் பாட்டை நாம் முழுவதும் பாடியிருக்கிறோம் என்று திருப்பிக் கேட்கலாம்.

அவருடைய 'மழை'ப் பாட்டு இன்னும் ஆபத்தானது, இன்னும் கவர்ச்சியானதும்கூட. 'தக்கத் தீம்தரிகிட' என்ற சொற்கட்டுக்காகவே இளைஞர்கள் அதைக் கேட்பார்கள்; தவிலோ பம்பையோ சேர்ந்துவிட்டால் அரங்கமே எழுந்து ஆடும். பாட்டு கொண்டாடுவது எதை என்பதைக் கவனிக்க வேண்டும்: 'பக்க மலைகள் உடைந்து வெள்ளம் பாயுது பாயுது பாயுது'. இதே ஃபெஞ்சல் மழையில், டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். ஊத்தங்கரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் ஏராளம். அவ்வரியை அங்கே விசிலுக்கு நடுவே பாடக் கூடாது. அதில் விவாதத்துக்கே இடமில்லை.

மூன்றாவதாக, பெரும்பாலோர் மறந்துவிட்ட 'பிழைத்த தென்னந்தோப்பு'. இதுவும் அந்த 1916 புயலை ஒட்டிப் பாரதி பாடியதுதான். காற்றில் விழுந்த மரங்களைக் கணக்கிடத் தகுமோ என்று கேட்டு, நாற்றைப்போல அவை நாடெங்கும் சிதறிக் கிடப்பதைச் சொல்லிவிட்டு, சிறு திட்டில் மிஞ்சி நிற்கும் ஒரு தோப்பிடம் கவிஞர் வந்து நிற்கிறார். 'வறியவ னுடைமை அதனை வாயு பொடிக்கவில்லை' என்கிறார். இழப்பை மறைக்கவில்லை, 'வீழ்ந்தன சிலவாம்' என்று ஒப்புக்கொண்டே மீந்ததை எண்ணுகிறார். காவேரிப்பட்டணம், பாரூர், போச்சம்பள்ளிப் பக்கத்தில் தென்னை வைத்திருப்பவருக்கு இந்தப் பாட்டில் விளக்கம் தேவைப்படும் சொல் ஒன்றுகூட இல்லை. 'நம்மைக் காத்தது' என்ற தன்மைப் பன்மைக்கு மாறாக, இங்கே காக்கப்பட்டது ஏழை ஒருவனின் தோப்பு. கேட்பவர் அந்த ஏழையின் பக்கம் போய் நிற்கிறார். ஊத்தங்கரை மேடைக்கு நான் முதலில் வைப்பது இதையே. மெட்டு பரவலாக அறியப்படாதது ஒரு குறைதான், ஆனால் அதுவே வசதியுமாகும்: கல்யாண வரவேற்பில் கேட்டுச் சலித்த பாட்டு என்ற நினைவு யாருக்கும் குறுக்கே வராது.

தருமபுரி நகரத்தில் போட்டி வேறு இரண்டு பாட்டுகளுக்கு இடையில், இரண்டும் புறநானூற்றில். கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் பாட்டைச் சொல்லாத நிவாரண அழைப்பிதழே இருக்காது. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற முதலடி அழைப்பிதழுக்கு மிகவும் பொருந்துகிறது. அடுத்த அடிகளை மேடையில் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். 'தீதும் நன்றும் பிறர்தர வாரா; நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன': துன்பமும் பிறரால் வருவதில்லை, அது தணிவதும் பிறரால் வருவதில்லை. பிறர் தந்து துன்பம் தணிக்கவே கூட்டப்பட்ட கூட்டத்தில் இதைப் பாடுகிறோம்! தத்துவமாக அது உயர்ந்தது, அதை மறுக்க நான் யார்? ஆனால் உண்டியல் சுற்றிவரும் நேரத்துக்கு அது உரிய சொல்லன்று. மேலும் சென்றால், மழை பெய்து பெருகிக் கல்லில் மோதி இரையும் பேராற்றில் 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' உயிர் முறைவழியே போகும் என்ற உவமை வருகிறது. வெள்ளத்தில் வண்டி போனவருக்கு அது உவமையாகத் தோன்றாது. எல்லாம் ஊழ்தான் என்று அமைந்துவிட்டால், ஏரியின் வரத்துக்கால்வாயும் உபரிநீர்க் கால்வாயும் ஏன் தூர்ந்து கிடந்தன என்று கேட்கவும் ஆளிராது.

இருந்தும் அந்தப் பாட்டின் கடைசி இரண்டு அடிகளைக் கைவிட எனக்கு மனமில்லை. 'மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்பதை, பொன்னாடைகள் அடுக்கி வைக்கப்பட்ட மேடையில், நன்கொடையாளர் பெயர்களைத் தொகைவாரியாக வாசிப்பதற்குச் சற்று முன் பாடினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. நடக்கப்போவதில்லை என்பது வேறு.

மற்றது 91ஆம் பாட்டு. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் தந்த நெல்லிக்கனியை ஔவையார் பாடியது என்பதால், தருமபுரியில் எந்தக் குழு கூடினாலும் யாரேனும் ஒருவர் இதை முன்மொழிவார். எடுத்த எடுப்பில் எனக்கு ஓர் ஐயம் இருந்தது: பெற்றவர் கொடுத்தவரைப் புகழும் பாட்டு, நிவாரணம் வாங்குபவரை நன்றி சொல்ல நிறுத்திவைப்பது போலாகாதா? முன்பாதி பகைவரைக் களத்தில் வென்றதையும் கள்ளின் ஆரவாரத்தையும் பாடுவதால் அது நமக்கு உதவாது. ஆனால் கடைசி அடிகள், 'ஆதல் நின்னகத்து அடக்கிச் சாதல் நீங்க எமக்கீத் தனையே' என்பவை, கொடுத்த பொருளைவிடக் கொடுத்த விதத்தையே புகழ்கின்றன. அக்கனி தரும் நீண்ட வாழ்வைச் சொல்லாமல் உள்ளத்தில் அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்பதே சிறப்பு. கொடுக்க வந்தவர்கள் மட்டும் நிறைந்த அரங்கில் இதைவிடக் கூர்மையாக ஈகையைப் பற்றிப் பேச முடியாது. எனவே தருமபுரியில் 192ஐவிட 91ஐயே தேர்வேன், இறுதி நான்கைந்து அடிகளை மட்டும், பெயர் வாசிப்பு இல்லாத நிகழ்ச்சியானால். பெயர் வாசிக்கத்தான் போகிறார்கள் என்றால் வள்ளலாரின் 'வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம் வாடினேன்' போதும். வீடுதோறும் இரந்தும் பசி தீராதவரைக் கண்டு பதைத்ததைச் சொல்லும் அப்பாட்டு, கேட்பவரைப் புகழவும் இல்லை, குத்தவும் இல்லை.

மழை வேண்டும் பாட்டுகளைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியதில்லை. வறண்ட மாவட்டக்காரர்களாகிய நமக்கு மழை வேண்டியே பாடிப் பழக்கம். டிசம்பர் பாதியில் நிகழ்ச்சி வைத்தால் மார்கழி பிறந்துவிடும், திருப்பாவையும் தானாக வந்துவிடும். நான்காம் பாசுரமாகிய 'ஆழிமழைக் கண்ணா' சரமழைபோல் பெய்யச் சொல்கிறது. சரமழை பெய்து ஓய்ந்த இரண்டே வாரத்தில் அதைக் கேட்பது கொடுமை. அதற்கு முந்தைய பாசுரமோ 'தீங்கின்றி நாடெல்லாம் திங்கள்மும் மாரிபெய்து' என்கிறது. ஆண்டாள் அந்தத் 'தீங்கின்றி'யைச் சேர்த்திருப்பது நம் தேவைக்கு அளவெடுத்தது போலிருக்கிறது. கடவுள் வாழ்த்து வேண்டுமென்போர் அதை எடுக்கட்டும்.

ஒப்பாரியை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அரூர்ப் பக்கத்தில் ஒப்பாரி கட்டத் தெரிந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள் என்பதற்காக, சாவு வீட்டில் உறவுகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பாட்டை நுழைவுச்சீட்டு விற்ற மேடையில் ஏற்றலாகாது. அந்த மூதாட்டி ஒலிவாங்கியைப் பார்த்து அழ வேண்டியிருக்கும். சோகத் திரைப்பாட்டோடு வெள்ளக் காட்சிகளைத் திரையில் ஓட்டுவதிலும் இதே கேடு உண்டு. அதே எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1985 ஜூலை 13 அன்று நடந்த லைவ் எய்டு நிகழ்ச்சியில், தி கார்ஸ் குழுவின் காதல் பாட்டொன்று பஞ்சக் காட்சிகளோடு ஒலித்தபோது பணம் குவிந்தது உண்மை. ஆனால் அங்கே பார்த்தவர்கள் கொடுப்பவர்கள், படத்தில் இருந்தவர்கள் வேறொரு கண்டத்தில். ஊத்தங்கரையில் படத்திலிருப்பவரே முன்வரிசையில் அமர்ந்து தம் வீட்டுச் சுவர் சரிவதை மறுபடியும் பார்ப்பார்.

ஓசூருக்கு வந்தால் இந்த வாதங்களில் பாதி உதிர்ந்துவிடும். அங்கே தொழிற்சாலைகளிலிருந்து வருபவர்களில் தெலுங்கரும் கன்னடரும் வடநாட்டவரும் கலந்திருப்பதால், புறநானூறோ பாரதியோ பாதிப் பேரைச் சென்று சேராது. கன்னடக் கவிஞர் பசவண்ணரின் 'தயவே தர்மத மூலவய்யா' (இரக்கமே அறத்தின் வேர்) என்ற வசனப்பாட்டு கன்னடருக்கு உடனே புரியும், மற்றவர்க்கும் ஓரளவு பிடிபடும். எனினும் எல்லோரும் சேர்ந்து முணுமுணுக்கக்கூடியது குஜராத்திக் கவிஞர் நரசி மேத்தாவின் 'வைஷ்ணவ ஜன தோ' ஒன்றே. பிறர் துன்பத்தை அறிபவனே வைணவன் என்று தொடங்கி, துயருற்றவர்க்கு உதவியும் மனத்தில் செருக்குக் கொள்ளாதவன் என்று அடுத்த அடியிலேயே சொல்லிவிடுகிறது. ஔவை 91இல் சொன்னதற்கு வெகு அருகில் உள்ள கருத்து இது. காந்தி ஜயந்திப் பாட்டு என்று பள்ளிக்கூட நினைவோடு சிலர் சலித்துக்கொள்ளலாம். ஒரே பல்லவியாக நீட்டாமல், நாகசுரத்தில் ஒரு முறையும் குரலில் ஒரு முறையும் எடுத்து, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டால் அந்தச் சலிப்புக்கு நேரமிருக்காது.